இழுபறி பவுல் ஆட்டத்தைப் பார்ப்பது எப்படி: ஒரு கணக்குப்பிள்ளையின் நோட்டிலிருந்து

முதல் ஆறு வருடம் எனக்கு இந்த விளையாட்டு சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஓஹியோவில், அதுவும் கொலம்பஸ் நகரத்தில் குடியிருந்துகொண்டு காலேஜ் ஃபுட்பால் (நம்ம ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கி ஓடும் அமெரிக்க ஆட்டம்) பிடிக்காது என்று சொல்வது, மதுரையில் இருந்துகொண்டு சித்திரைத் திருவிழா பிடிக்காது என்பது மாதிரி. மனதுக்குள் வைத்துக்கொள்ளலாம், வெளியே சொல்ல முடியாது. ஒரு தடியன் இன்னொரு தடியன் மேல் விழுகிறான், விசில் ஊதுகிறார்கள், அரை நிமிடத்துக்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை, மறுபடி விழுகிறான். இதற்கு மூன்றரை மணி நேரமா?

என் மகன் இங்கே ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வருடம்தான் ஞானம் வந்தது. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன் சொன்னான்: "அம்மா, நீ பந்தையே பார்த்துட்டு இருக்கே. அதை விடு. கடிகாரத்தைப் பாரு. நீதான் நாள் பூரா கணக்கு எழுதுற ஆளாச்சே."

உண்மைதான். ஒரு சின்னக் கம்பெனியில் வரவு செலவு பார்ப்பதுதான் என் பிழைப்பு. அன்றைக்கு ஒரு நீளமான கோடு போட்ட நோட்டை எடுத்தேன். அதிலிருந்து எந்த இழுபறி ஆட்டத்தையும் பென்சில் இல்லாமல் பார்த்ததில்லை. என்னைப் போலவே, பார்த்தும் புரியாமல் சோபாவில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்காகவும், மருமகன் வீட்டுக்கு டிசம்பரில் வந்து மாட்டிக்கொண்ட மாமனார்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

அடிப்படையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்கு 11 பேர். மைதானம் 100 யார்டு நீளம், இரண்டு கோடியிலும் 10 யார்டு எண்டு ஸோன். பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்புக்கும் டவுன் என்று பெயர். பத்து யார்டு தாண்டினால் மறுபடி நான்கு. பந்தோடு எண்டு ஸோனுக்குள் போனால் டச்டவுன், 6 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3 புள்ளி. டச்டவுனுக்குப் பிறகு ஒரு போனஸ் வாய்ப்பு: உதைத்தால் 1, ஓடியோ எறிந்தோ உள்ளே கொண்டுபோனால் 2. பதினைந்து பதினைந்து நிமிடமாக நான்கு பகுதி. இது போதும், மற்றது பார்க்கப் பார்க்க வரும்.

பவுல் என்பது சீசன் முடிந்தபின் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை, பொதுவான ஊர்களில் நடக்கும் ஆட்டம். கிண்ணம் மாதிரி கட்டின மைதானத்திலிருந்து வந்த பெயர். கலிபோர்னியாவில் பாஸடீனா நகரத்து ரோஸ் பவுல்தான் மூத்தது. 1902-ல் முதல் ஆட்டம் நடந்தபோது மிச்சிகன் 49, ஸ்டான்ஃபோர்டு 0. ஆட்டம் முடியுமுன்பே போதும் சாமி என்று ஸ்டான்ஃபோர்டு ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டது. விழாக் குழுவினர் நொந்துபோய், அடுத்த சில வருடங்கள் ஃபுட்பாலுக்குப் பதில் ரதப் பந்தயமெல்லாம் நடத்தினார்கள். 1916-ல்தான் ஃபுட்பால் திரும்பி வந்தது. இன்றைக்கு 40-க்கு மேல் பவுல் ஆட்டங்கள் இருக்கின்றன. சீசனில் ஆறு ஆட்டம் ஜெயித்த அணிக்கு இடம் கிடைக்கும். சிலது விளம்பரக் கூத்து: மயோனெய்ஸ் கம்பெனி நடத்தும் பவுலில் ஜெயித்த கோச் தலையில் மயோனெய்ஸைக் கொட்டுவார்கள், பாப்-டார்ட்ஸ் பவுலில் ஜெயித்தவர்கள் அந்தத் தின்பண்ட பொம்மையையே பிய்த்துத் தின்பார்கள். ரோஸ், சுகர், ஆரஞ்சு, காட்டன், பீச், ஃபியஸ்டா ஆகிய ஆறும் பெரிய வீட்டுப் பிள்ளைகள். 2024 சீசனிலிருந்து 12 அணிகள் மோதும் பிளேஆஃபில் கால் இறுதியும் அரை இறுதியும் இந்த ஆறில்தான் நடக்கின்றன.

ஆட்டம் தொடங்குமுன் ஐந்து நிமிடம்

யார் வரவில்லை என்று முதலில் பாருங்கள். பவுல் ஆட்டத்தில் இது ரொம்ப முக்கியம். 2016 ஜனவரி 1-ம் தேதி ஃபியஸ்டா பவுலில் எங்கள் ஓஹியோ ஸ்டேட் அணிக்கு எதிராக ஆடிய நோட்டர் டேம் வீரர் ஜேலன் ஸ்மித்துக்கு முழங்கால் போய்விட்டது. அந்த வருடம் என்.எஃப்.எல். எனும் தொழில்முறை லீக்கின் வீரர் தேர்வில் முதல் சில இடங்களுக்குள் வருவார் என்று பேசப்பட்டவர், இரண்டாம் சுற்றுக்கு இறங்கினார். அதே வருடக் கடைசியில் லெனார்டு ஃபோர்னெட், கிறிஸ்டியன் மெக்காஃப்ரி இருவரும் தங்கள் பவுல் ஆட்டத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதன்பின் அது வழக்கமாகிவிட்டது. பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு கண்காட்சி ஆட்டத்துக்காக வாழ்நாள் சம்பாத்தியத்தைப் பணயம் வைக்க என் மகனை நான் விடுவேனா? ஆனால் பார்ப்பவர் கணக்கில் இதைச் சேர்த்தாக வேண்டும். சீசனில் பார்த்த அணியும் இன்று இறங்கும் அணியும் ஒன்றாக இருக்காது. பிளேஆஃப் ஆட்டம் என்றால் இந்தக் கவலை இல்லை, நடக்க முடிந்தவன் எல்லாம் ஆடுவான்.

அடுத்து, உதைப்பவர். குவார்ட்டர்பேக், அதாவது ஒவ்வொரு டவுனிலும் பந்தை முதலில் வாங்கி எறிகிறவர், பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. உதைக்கிற பையன் இந்த சீசனில் அதிகபட்சம் எத்தனை யார்டிலிருந்து போட்டிருக்கிறான் என்று மட்டும் பார்த்து நோட்டில் மூலையில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசி நிமிடத்தில் அந்த ஒரு எண்ணுக்காக ஆலாய்ப் பறப்பீர்கள்.

நோட்டு

நான்காம் பகுதி தொடங்கும்வரை நோட்டைத் திறக்காதீர்கள். முதல் முக்கால்வாசியை எல்லோரையும் போலப் பாருங்கள், சாப்பிடுங்கள், இடைவேளையில் பேண்டு வாசிப்பதைக் கேளுங்கள். நான்காம் பகுதி தொடங்கி வித்தியாசம் பதினாறோ அதற்குக் கீழோ இருந்தால் அது இழுபறி. அப்போது நான்கு பத்தி போடுங்கள்: மிச்ச நேரம், வித்தியாசம், இரு அணிக்கும் மிச்சமிருக்கும் டைம்-அவுட் (கடிகாரத்தை நிறுத்தக் கேட்கும் உரிமை), பந்து எந்தக் கோட்டில். ஒவ்வொரு முறை பந்து கைமாறும்போதும் ஒரு வரி. அவ்வளவுதான்.

என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: "6:40, கீழ் 5, நாம் 2 அவர் 3, சொந்த 30." அதாவது ஆறு நிமிடம் நாற்பது நொடி மிச்சம், நாம் ஐந்து புள்ளி பின்னால், டைம்-அவுட் நமக்கு இரண்டு எதிராளிக்கு மூன்று, பந்து நம் பக்கம் 30-வது யார்டில். இந்த வரியைப் பார்த்தாலே கோச்சுக்கு வயிற்றில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

வித்தியாசப் பத்தி

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டைவிடுகிறார்கள். வித்தியாசத்தை எண்ணாகப் பார்க்காமல், எத்தனை முறை பந்து கையில் வர வேண்டும் என்று பார்க்க வேண்டும். 3 வரை: ஓர் உதை போதும். 4 முதல் 8 வரை: ஒரு டச்டவுன் போதும், எட்டுக்கு மட்டும் கூட இரண்டு புள்ளி எடுக்க வேண்டும், அதுவும் சமனுக்குத்தான். 9 வந்துவிட்டால் இரண்டு முறை பந்து வேண்டும். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு புள்ளி, மூன்றுக்கும் எட்டுக்கும் நடுவே இருக்கும் ஐந்து புள்ளியைவிடக் கனமானது. கிரிக்கெட்டில் கடைசி ஓவருக்கு 6 ரன்னா 7 ரன்னா என்பதில் இருக்கும் வித்தியாசம் மாதிரி: ஒரே ஒரு சிக்ஸர் ஒன்றில் ஜெயிக்க வைக்கும், மற்றதில் வைக்காது.

டச்டவுன் போட்டவுடன் உதைக்காமல் இரண்டு புள்ளிக்குப் போகிறார்கள் என்றால் கோச்சுக்குக் கிறுக்கு என்று நினைக்காதீர்கள். கூட்டிக் கழித்துப் பாருங்கள், காரணம் இருக்கும். இதில் மறக்க முடியாதது 1984 ஜனவரி 2, மயாமியில் நடந்த ஆரஞ்சு பவுல். அதுவரை தோற்காத நெப்ராஸ்கா, 48 நொடி இருக்கும்போது டச்டவுன் போட்டு மயாமி 31, நெப்ராஸ்கா 30 என்று கொண்டுவந்தது. அப்போதெல்லாம் ஓவர்டைம் கிடையாது. ஓர் உதை உதைத்து 31-31 என்று முடித்திருந்தால் தேசிய சாம்பியன் பட்டம் கிட்டத்தட்ட அவர்களுக்குத்தான். கோச் டாம் ஆஸ்போர்ன் சமன் வேண்டாம், ஜெயிக்கத்தான் ஆடுகிறோம் என்று இரண்டு புள்ளிக்குப் போனார். எறிந்த பந்தை மயாமி வீரர் விரலால் தட்டிவிட்டார். பட்டம் போனது. நாற்பது வருடம் கழித்தும் அந்த மனிதரை இந்த ஊர்க்காரர்கள் மரியாதையோடு பேசுகிறார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் "கையில் இருந்ததை விட்டவர்" என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரி என்று எனக்குத் தோன்றும்.

கடிகாரம்

எப்போது நிற்கும், எப்போது ஓடும் என்று தெரிந்தால் பாதி ஆட்டம் தெரிந்த மாதிரி. எறிந்த பந்தைப் பிடிக்காவிட்டால் நிற்கும். டைம்-அவுட் கேட்டால் நிற்கும், ஒவ்வொரு பாதிக்கும் அணிக்கு மூன்று டைம்-அவுட். பந்தோடு கோட்டுக்கு வெளியே போனால் நிற்கும், ஆனால் கடைசி இரண்டு நிமிடத்துக்கு முன்னால் என்றால் நடுவர் கை காட்டியதும் மறுபடி ஓட ஆரம்பித்துவிடும். முதல் டவுன் கிடைத்தால் முன்பெல்லாம் ஆட்டம் முழுக்க நிற்கும். 2023-லிருந்து ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும்தான். 2024-லிருந்து இரண்டு நிமிடம் மிச்சமிருக்கும்போது தானாகவே ஒரு நிறுத்தம் வேறு வருகிறது. பழைய ஆட்டத்தை யூடியூபில் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் குழம்பும், அதனால் சொல்கிறேன்.

இப்போது என் அபிமானப் பகுதி. முன்னணியில் இருக்கும் அணி கையில் பந்து, முதல் டவுன். குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி முழங்காலைத் தரையில் வைத்துவிட்டால் அந்த டவுன் முடிந்தது. ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த பந்துக்கு 40 நொடி வரை இழுக்கலாம். எதிராளியிடம் டைம்-அவுட் இல்லாவிட்டால் மூன்று முறை முழங்கால் வைத்தே சுமார் இரண்டு நிமிடத்தை விழுங்கிவிடலாம். எதிராளியிடம் ஒரு டைம்-அவுட் இருந்தால் அதில் 40 நொடி போச்சு, ஒன்றே கால் நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் விழுங்க முடியும். இரண்டு இருந்தால் முக்கால் நிமிடம். மூன்றும் இருந்தால் சில நொடிகள்தான். ஒரு டைம்-அவுட் என்றால் 40 நொடி. மூன்றாம் பகுதியில் வீரர்களை வரிசையில் நிறுத்தத் தெரியாமல் ஒரு டைம்-அவுட்டை வீணாக்குகிறார்களே, அப்போது நான் "போச்சு, நாற்பது நொடி" என்று கத்துவேன். என் மகன் சிரிப்பான். கடைசியில் ஆட்டம் அந்த நாற்பது நொடியில்தான் தோற்கும்.

இன்னொரு சின்ன விதி. டைம்-அவுட் தீர்ந்துபோனால் குவார்ட்டர்பேக் பந்தை வாங்கினதும் தரையில் ஓங்கி அடித்துக் கடிகாரத்தை நிறுத்துவார். கல்லூரி ஆட்டத்தில் அதற்குக் குறைந்தது 3 நொடி மிச்சம் இருக்க வேண்டும். ஒன்றோ இரண்டோதான் என்றால் அடித்துப் பயனில்லை, ஒரே ஒரு டவுன் ஆடலாம், முடிந்தது.

நான்காவது டவுன்

கபடி பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவதில் புள்ளியோடு வர வேண்டும், இல்லாவிட்டால் அவுட். நான்காவது டவுனும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், இங்கே பயந்தவனுக்கு ஒரு வழி உண்டு: பன்ட், அதாவது பந்தைத் தூரமாக உதைத்து எதிராளியிடம் கொடுத்துவிடலாம். கொடுக்கிறார்களா, துணிகிறார்களா என்பதில்தான் கோச்சின் சாயம் வெளுக்கும்.

2006 ஜனவரி 4, ரோஸ் பவுல். 34 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்த கலிபோர்னியாவின் யு.எஸ்.சி. பல்கலைக்கழகம், எதிரில் டெக்சஸ். யு.எஸ்.சி. 38-33 முன்னால், மிச்சம் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். நான்காவது டவுன், இரண்டு யார்டு வேண்டும், பந்து டெக்சஸ் பக்கம் 45-ல். பன்ட் அடித்தால் டெக்சஸ் நீண்ட தூரம் வர வேண்டும். இரண்டு யார்டு எடுத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. துணிந்தார்கள். லெண்டேல் ஒயிட் முட்டினார், நிறுத்திவிட்டார்கள். அவர்களுடைய நட்சத்திரம் ரெஜி புஷ் அப்போது மைதானத்திலேயே இல்லை, ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். இன்னும் அதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். அப்புறம் டெக்சஸ் வந்தது, வந்தது, யு.எஸ்.சி.யின் 8-வது யார்டுக்கு வந்து நின்றது. இப்போது அவர்களுக்கும் நான்காவது டவுன், ஐந்து யார்டு வேண்டும். வின்ஸ் யங் எறிய இடம் தேடினார், கிடைக்கவில்லை, வலது ஓரமாக ஓடி உள்ளே போய்விட்டார். 19 நொடி மிச்சம். 41-38.

நேரம் கிடைத்தால் அந்த இரண்டு நான்காவது டவுன்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள். பந்தைப் பார்க்காமல் இரண்டு பக்கத்து ஓரங்களையும் பாருங்கள்.

உதை

திரையில் பந்து எந்தக் கோட்டில் என்று காட்டுவார்கள். அதோடு 17 கூட்டுங்கள். எண்டு ஸோன் பத்து, பந்தைப் பின்னால் நகர்த்தி வைப்பது ஏழு. பந்து 30-ல் என்றால் உதை 47 யார்டு. ஆரம்பத்தில் மூலையில் எழுதச் சொன்னேனே, அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். நாற்பதுக்குள் என்றால் பெரும்பாலும் போட்டுவிடுவார்கள். ஐம்பது என்றால் சாமியைக் கும்பிட்டுக்கொள்ளலாம்.

கூடவே பந்து மைதானத்தின் நடுவிலா, ஓரத்திலா என்று பாருங்கள். மைதானத்தில் நீளவாக்கில் இரண்டு வரிசை சின்னக் கோடுகள் இருக்கும், பந்தை அதற்கு வெளியே வைப்பதில்லை. கல்லூரி ஆட்டத்தில் அந்த இரண்டு வரிசைக்கும் இடைவெளி 40 அடி. என்.எஃப்.எல்.லில் பதினெட்டரை அடிதான். அதனால் இந்தப் பையன்கள் கோணலாக உதைக்க நேரும். கெட்டிக்கார கோச் கடைசி உதைக்கு முன்னால் ஓர் ஓட்டத்தை வைத்துப் பந்தை நடுவுக்குக் கொண்டுவருவார்.

உதைக்கப் போகும் நொடியில் எதிராளி டைம்-அவுட் கேட்பார்கள். பையனை நினைக்க வைத்துப் பதற்றப்படுத்துவதற்காக. எனக்கு இது அழுகுணி ஆட்டமாகத்தான் படுகிறது.

ஓவர்டைம்

பவுல்களில் 1995 சீசனில் வந்தது. சூப்பர் ஓவர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இரு அணிக்கும் எதிராளியின் 25-வது யார்டிலிருந்து ஆளுக்கொரு முறை பந்து. டாஸ் ஜெயித்தவர் பெரும்பாலும் இரண்டாவதாக ஆடத்தான் கேட்பார், எத்தனை வேண்டும் என்று தெரிந்து துரத்துவது சுலபம். இப்போதைய விதிப்படி இரண்டாவது ஓவர்டைமில் டச்டவுன் போட்டால் இரண்டு புள்ளிக்குப் போயே ஆக வேண்டும். மூன்றாவதிலிருந்து 3-வது யார்டில் பந்தை வைத்து ஆளுக்கொரு இரண்டு புள்ளி முயற்சி மட்டும், யாராவது ஒருவர் தவறும்வரை. 

இதுவரை நான் பார்த்ததிலேயே அழகான ஓவர்டைம் 2007 ஜனவரி 1, அரிசோனாவில் நடந்த ஃபியஸ்டா பவுல். ஐடஹோ மாநிலத்து பாய்ஸி ஸ்டேட் அப்போது யாரும் மதிக்காத அணி. எதிரில் பழம்பெருமை பேசும் ஓக்லஹோமா. பாய்ஸி 28-10 முன்னால் இருந்தது, அப்புறம் ஓக்லஹோமா தொடர்ந்து 25 புள்ளி அடித்து 35-28 என்று முந்தியது. மிச்சம் 18 நொடி, நான்காவது டவுன், 18 யார்டு வேண்டும். பந்தைப் பிடித்தவர் ஓடுவது போலத் திரும்பி, எதிரே குறுக்காக ஓடி வந்தவர் கையில் திணித்துவிட்டார். ஐம்பது யார்டு, டச்டவுன், 7 நொடி மிச்சம். ஓவர்டைமில் ஓக்லஹோமாவின் ஏட்ரியன் பீட்டர்சன் முதல் பந்திலேயே 25 யார்டு ஓடி டச்டவுன். பாய்ஸியும் ஒரு நான்காவது டவுனில்தான் பதில் டச்டவுன் போட்டது, அதுவும் குவார்ட்டர்பேக் இல்லாத ஓர் ஆள் எறிந்த பந்தில். இப்போது 42-41. உதைத்தால் சமன்.

கோச் கிறிஸ் பீட்டர்சன் இரண்டு புள்ளிக்குப் போனார். குவார்ட்டர்பேக் ஜேரட் ஸப்ரான்ஸ்கி வலது கையை ஓங்கி வலப்பக்கம் எறிந்தார். எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். கை காலி. பந்து இடது கையில், முதுகுக்குப் பின்னால் இருந்தது. இயன் ஜான்சன் பின்னால் வந்து, கடைக்காரரிடம் மிச்சம் வாங்குவது போல அதை வாங்கிக்கொண்டு இடப்பக்கம் ஒருவரும் தொடாமல் உள்ளே நடந்தார். 43-42. முடிந்த கையோடு, டி.வி. கேமரா முன்னாலேயே சியர்லீடராக இருந்த தன் காதலியிடம் மண்டியிட்டுக் கல்யாணத்துக்குக் கேட்டார். நம் படங்களில் வந்தால் ஓவர் என்று சொல்லியிருப்போம்.

ஓரத்தைப் பார்க்கிற கலை

கடைசியாக, நோட்டில் எழுத முடியாத ஒன்று. இதை எனக்குப் புரியவைத்தது 2022 டிசம்பர் 31, அட்லாண்டாவில் நடந்த பீச் பவுல். பிளேஆஃப் அரை இறுதி, எங்கள் ஓஹியோ ஸ்டேட்டுக்கும் ஜார்ஜியாவுக்கும். இரவு எட்டு மணி ஆட்டம். வீட்டில் நாங்கள் மூன்று பேர், மகனின் நண்பர்கள் நான்கு பேர், ஒரு அண்டா தக்காளி சாதம்.

நான்காம் பகுதியில் 38-24 என்று முன்னால் இருந்தோம். நோட்டில் "மேல் 14" என்று கொஞ்சம் அழுத்தியே எழுதினேன். ஜார்ஜியா ஓர் உதையில் 38-27 ஆக்கியது. சுமார் ஒன்பது நிமிடம் இருக்கும்போது எங்களுக்கு நான்காவது டவுன், ஒரே ஒரு யார்டு வேண்டும், பந்து எங்கள் பக்கம். பன்ட் அணி இறங்கியது. பந்து உதைப்பவருக்குப் போகவில்லை, முன்னால் நின்றவர் கைக்குப் போனது, அவர் முட்டிக்கொண்டு போய் முதல் டவுன் எடுத்துவிட்டார். ஏமாற்று பன்ட்! ஆறு பேர் எழுந்து கத்தினோம். என் மகன் மட்டும் கத்தவில்லை. அவன் ஜார்ஜியா பக்கத்து ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். "செல்லாதும்மா. டைம்-அவுட் கேட்டுட்டாங்க." அவர்கள் கோச் கர்பி ஸ்மார்ட், பந்து நகர்வதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்னால் ஏதோ வாடை பிடித்து டைம்-அவுட் கேட்டிருந்தார். நாற்பது நொடி செலவழித்து ஓர் ஆட்டத்தையே வாங்கிவிட்டார். இரண்டாம் முறை நிஜமாகவே பன்ட் அடித்தோம். அடுத்த பந்திலேயே ஜார்ஜியா 76 யார்டு டச்டவுன், அப்புறம் இரண்டு புள்ளி. 38-35.

எல்லோரும் பந்தைப் பார்க்கும் நேரத்தில் ஓரத்தைப் பார்ப்பது என்றால் இதுதான். நான்காவது டவுன் வந்தவுடன் கண் கோச்சிடம் போக வேண்டும். காதில் ஹெட்செட்டைப் பொத்திக்கொண்டு பேசுகிறாரா, நடுவரை நோக்கி நகர்கிறாரா, எந்த வீரரை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறார். டி.வி.யில் எல்லாம் காட்ட மாட்டார்கள், காட்டும் நொடியில் தவறவிடாதீர்கள்.

ஓர் உதை போட்டு 41-35 ஆக்கினோம். ஜார்ஜியா 54 நொடி இருக்கும்போது டச்டவுன் போட்டு 42-41. எங்கள் குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுட் 27 யார்டு ஓடி ஜார்ஜியாவின் 31-வது யார்டுக்குக் கொண்டுவந்தபோது 24 நொடி மிச்சம். நான் பென்சிலால் 31-ஐயும் 17-ஐயும் கூட்டினேன். 48. இன்னும் ஐந்து யார்டு, ஐந்தே யார்டு வந்தால் போதும் என்று நோட்டைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த ஓட்டத்தில் முன்னேறவில்லை, பின்னால்தான் போனோம். அப்புறம் எறிந்த இரண்டும் பிடிபடவில்லை. உதை 50 யார்டு.

அப்போது மணி பன்னிரண்டு. நிஜமாகவே பன்னிரண்டு. பந்து காலிலிருந்து கிளம்பிய நேரத்தில் தெருவில் யாரோ முதல் வெடியைக் கொளுத்தினார்கள். அந்த மாதிரி நேரத்தில் பந்தைத் துரத்தாதீர்கள், திரையில் உயரமும் தூரமும் ஏமாற்றும். கம்பத்தின் அடியில் நிற்கும் இரண்டு நடுவர்களைப் பாருங்கள். இரண்டு கையையும் மேலே தூக்கினால் உள்ளே. கையைக் குறுக்கே வீசினால் வெளியே. நான் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீசினார்கள். இடப்பக்கம் நன்றாகவே விலகிப்போயிருந்தது.

நோட்டில் அந்தப் பக்கத்தின் கடைசி வரி இப்போதும் இருக்கிறது: "0:03, கீழ் 1, பந்து அவர்களிடம்." வெளியே தெரு முழுக்க வெடிச் சத்தம். உள்ளே ஒருவரும் பேசவில்லை. தக்காளி சாதம் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. என் மகன் "ஹேப்பி நியூ இயர்ம்மா" என்று சொன்னபோது மணி பன்னிரண்டே கால்.